உப்புக் கணக்கு

எங்கள் ஊரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.
சிம்போத்தே வர மூன்று கிலோமீட்டர் இருக்கும்போதே
பேருந்தில் தூங்குகிறவர்கள்
மூக்கைப் பிடித்தபடி விழித்துக்கொள்வார்கள்.
நெத்திலி வேகும் நாற்றம்.
படகு படகாக வந்து இறங்கி
ஆலையில் வெந்து காய்ந்து மாவாகி
எங்கோ தொட்டியில் வளரும் மீனுக்கும்
எவருடைய பன்றிக்கோ தீனியாகவும் போகிறது.
எங்கள் தெருவில் யாரும் அதைத் தட்டில் வைப்பதில்லை.
வைத்தால்
"சம்பளம் வரவில்லையா?" என்று கேட்பார்கள்.

என் அக்கா யாதிரா வைத்தாள்.

பதினாறு வயது.
இடது புருவத்தில் பாதி இல்லை,
பிப்ரவரியில் கேஸ் அடுப்பு எடுத்துக்கொண்டது.
அம்மா அவளைச் சேர்த்துவிட்டது
கணக்குப்பதிவு வகுப்பில்.
அந்தப் பேரேட்டில்தான் சமையலை எழுதினாள்.
பற்றுப் பக்கம்
எலுமிச்சை பதினொன்று, சிவப்பு வெங்காயம்,
மஞ்சள் மிளகாய், கொத்தமல்லி ஒரு பிடி.
வரவுப் பக்கம் என் முகம்.
"தம்பி: இரண்டாவது வாயோடு நிறுத்திவிட்டான்."
"தம்பி: தட்டை வழித்தான்.
காலையில் பட்டினி கிடந்தான், ஆகவே செல்லாது."

எத்தனையோ தின்றேன்.
வினிகரில் ஊறி நாக்கைச் சுருட்டிய நெத்திலி,
சர்க்கரைவள்ளிக் கூழில் மூழ்கிச் செத்த நெத்திலி
(ஏற்கெனவே செத்ததை
இன்னொரு முறை கொல்ல அவளால் முடியும்).
எல்லாவற்றுக்கும் "நன்றாக இருக்கிறது" என்றேன்.
குறை சொன்னவன் பாத்திரம் கழுவ வேண்டும்,
அது அவள் போட்ட சட்டம்.

ஒருநாள்
சோள மாவில் புரட்டி, தலையோடு, முள்ளோடு,
எண்ணெய் புகையப்போகும் அந்த நொடியில் போட்டு
எடுத்தாள்.
முள் நொறுங்கிய சத்தம்
என் மண்டைக்குள் மட்டும் கேட்டது.
நான் ஒன்றுமே சொல்லவில்லை.
அவள் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டாள்.

லிமாவில் ஒரு சமையல் பள்ளி.
நான்கு பேருக்குக் கட்டணம் கிடையாது.
"வெங்காயம் நறுக்கப் பட்டமா?" என்றாள் அம்மா,
ஜன்னலைச் சாத்தினாள்.
அப்பா எதுவும் சொல்லவில்லை.
இரவு ஷிப்டுக்குப் போனார், வந்தார்,
வாசலில் பூட்ஸைக் கழற்றினார்.
பதினொரு நாள் இப்படி.

பன்னிரண்டாம் நாள் விடியலில்
கழற்றாமல், ஒரு காலை இழுத்து இழுத்து
நேராக அடுப்படிக்கு வந்தார்.
வலது பூட்ஸை உருவினார்.
உள்ளே பிளாஸ்டிக் பை,
பைக்குள் பனிக்கட்டி,
பனிக்கட்டிக்குள் ஆலைக்குத் தப்பிய நெத்திலி,
கண்ணில் கறுப்பு இன்னும் மங்காமல்.
"கால் வீங்கியிருக்கிறது என்றேன், வாயிற்காவலன் நம்பிவிட்டான்"
என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

ஏழு மணி நேரம்.
என் மடியில் தெர்மாகோல் பெட்டி.
பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள், "பூனைக்கா?"
"பரீட்சைக்கு" என்றாள் யாதிரா.

அங்கே மற்றவர்கள் காடை வைத்திருந்தார்கள்,
கணவாய், யாரோ ஒருவன் ஆட்டு மூளை.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.
முதல் நடுவர் இரண்டு தின்றார்.
அடுத்தவர் மீனின் பெயரைக் கேட்டுவிட்டு
மறுபடியும் கேட்டார்.
மூன்றாமவள், முடியை ஒட்ட வெட்டியவள்,
முழுதாக மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து,
ஏதோ ஒற்றை வார்த்தை சொன்னாள்.

திரும்பும் வழியில் காஸ்மா வரை அக்கா வாயைத் திறக்கவில்லை.
பிறகு, இருட்டைப் பார்த்துக்கொண்டு:
"உப்பு. உப்பு போதவில்லையாம்.
கடல் மீன்தானே என்று விட்டுவிட்டேன்."

முடிவு இன்னும் வரவில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்,
அந்த முதல் நாளே தெரியும்,
முள் நொறுங்கிய சந்தோஷத்துக்கு அடியில்
நாக்கு தேடியது எதை என்று.

நேற்று மறுபடி தட்டை வைத்தாள்.
வெளியே புகைபோக்கி ஊதிக்கொண்டிருந்தது.
பேனாவை மூடாமல் நின்றாள்.
தின்றேன்.
"இன்னும் கொஞ்சம் உப்பு" என்றேன்.

அவள் எழுதினாள்.
நான் எழுந்து போய்
பாத்திரம் கழுவத் தொடங்கினேன்.