வெற்று உரல்

தார்த்து நகரம், ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
சர்வர் அறைக்கு மட்டும் வியர்க்கிறது.

மூன்றாம் மாடியில்
ஓத்தெப்பா சரிவில் விழுந்த பனிச்சறுக்குக்காரன் ஒருவன்
முழங்காலை நீட்டிக் காத்திருக்கிறான்.
அந்தக் காலின் அலைகள் இங்கே, என்னிடம்:
அறுபத்து நான்கு அடுக்கு, அடுக்குக்கு அறுபத்து நான்கு வரிசை,
வரிசைக்கு அறுபத்து நான்கு எண்.
இடைவெளிகளை நிரப்பி
எல்லாத் திசையிலும் எட்டு மடங்காக்க வேண்டும்.

வழக்கமான வழி சுலபம்.
அலைகளைச் சுற்றிப் பூஜ்யங்களைக் கொட்டு,
ஃபூரியே உருமாற்றத்தை மூன்று திசையிலும் ஓட்டு.
பதின்மூன்று கோடியே நாற்பத்திரண்டு லட்சம் கட்டங்கள்;
எண் இருப்பது
ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்.
மற்றதெல்லாம் பாழ்.
பாழைப் பெருக்கி, பாழோடு கூட்டி,
பாழ் என்றே விடை எழுதினோம் இரவிரவாக.
வெற்று உரலை இடித்துவிட்டுக்
கை வலிக்கிறது என்றோம்.

“நினைவகம் வாங்கலாம்” என்கிறான் ராய்வோ.
அவனுக்கு எந்த நோய்க்கும் அதுதான் மருந்து.

இன்று நிரலைப் பிரித்துப் போட்டேன்.
முதலில் ஒரு திசையை மட்டும் நீட்டு.
எண் உள்ள நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு கோடுகள் போதும்.
பிறகு அடுத்த திசை. பிறகு கடைசி.
தன் முறை வரும்வரை பூஜ்யம்
வெளியே நிற்கட்டும், குளிரில்.
மூன்று பங்கு வேலை
ஒன்றேகாலுக்கும் கீழே இறங்கியது.
(நடு அலையில் ஒருமுறை சறுக்கினேன்.
அதை இரு கரைக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்க மறந்தால்
எலும்போரம் மெல்லிய வரிகள் ஓடும்.)

கொஞ்சம் கர்வத்தோடுதான் மேலே ஃபோன் செய்தேன்:
முழுக் கனமும் நாலே நிமிடத்தில்.

“முழுசும் யார் கேட்டது?” என்றார் டாக்டர் ஹெல்வே.
“கிழிந்த இடத்தில் ஒரே ஒரு தளம்.
முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே.”

ஒரு தளம்.
நாலு வருடமாக
யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

அப்படியென்றால் ஆழத்தின் திசையில் உருமாற்றமே வேண்டாம்.
கோட்டுக்கு அறுபத்து நான்கு பெருக்கல், ஒரு கூட்டுத்தொகை.
பிறகு தட்டையான ஒரு பரப்பு, அவ்வளவுதான்.
மின்விசிறி வேகம் எடுக்கவில்லை.
நிரல் ஓடியதா என்றே சந்தேகப்பட்டு
மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

படம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை;
இயந்திரம் அளந்ததற்கு மேல் அதில் ஒரு துளியும் இல்லை.
கிழிசல் மட்டும்
படிக்கட்டாகத் தெரியாமல்
கோடாகத் தெரிந்தது.

ராய்வோ திரையை வெகுநேரம் பார்த்தான்.
“சரி, அப்போ நினைவகம்?”