பன்னிரண்டாவது பதிவு

"பூட்டுப் படம் இல்லாத இணைப்பு எதையும்
திங்கள் முதல் ஏற்காதே"
என்று சர்வருக்குச் சொன்னவன் நான்தான்.
குதாயிசியில், ஹீட்டர் பக்கத்தில்,
வெறும் சாக்ஸோடு உட்கார்ந்து சொன்னேன்.
"பரவாயில்லை, தொடர்க" என்ற பொத்தானையும்
அன்றே எடுத்துவிட்டேன்.
இருந்தால் எல்லோரும் அழுத்துவார்கள்.
நானும் அழுத்துவேன்.

புதன்கிழமை, மெஸ்தியாவிலிருந்து,
ஏதோ விடுதியின் தரைவழித் தொலைபேசியில் ம்ஸெவினார்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
வணக்கம் கிடையாது.
இருபத்தோரு கிலோமீட்டர் தள்ளி முடித்தாயிற்றாம்,
பணிப்பட்டியல் ஒரு வரிகூட வாங்க மாட்டேன் என்கிறதாம்,
சாலை திறந்ததா என்று
ஆம்புலன்ஸ்காரன் கீழே நின்று
போனையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

"என்ன காரணம் காட்டுகிறது?"
"சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம்."

காலாவதி என்றால் என் தவறு.
இன்னும் பிறக்கவே இல்லை என்றால்?
"போனில் தேதி பார்."
கையுறையைப் பல்லால் கழற்றுகிறாள் போல; சற்று மௌனம்.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. ஜனவரி ஒன்று."

குளிரில் பேட்டரி செத்து
மறுபடி உயிர் வந்தபோது
சிம் இல்லாத அந்தக் கம்பெனி போன்
எண்ணிக்கை தொடங்கும் நாளில் போய்க் கண்விழித்திருக்கிறது.
நாங்கள் இருவருமே இல்லாத நாள்.
போன மார்ச்சில் நான் புதுப்பித்ததை
அது எப்படி நம்பும்?
எதிர்காலத்திலிருந்து வருகிறேன் என்று
கதவைத் தட்டுகிறவனுக்கு
நானும் திறக்க மாட்டேன்.

மணி சொன்னேன்.
"உன் மணி எனக்கு வேண்டாம்."
வெளியே போய்
வண்டியின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.
அது பத்து நிமிடம் முந்தி ஓடும், டிப்போவுக்கே தெரியும்.
ஓடட்டும்.
பூட்டு பொறுக்காதது அரை நூற்றாண்டைத்தான்;
பத்து நிமிடத்தைக் கண்டுகொள்ளாது.

பச்சை.
காலையிலிருந்து தேங்கிக் கிடந்த பதினான்கு பதிவுகள்
என் திரையில் சரிந்தன,
எல்லாம் எழுபதில் எழுதியவை.
வழியில் யாரும் பிரிக்கவில்லை,
ஓரெழுத்தும் மாறவில்லை.
பாலம்வரை சரி.
உப்பு தீர்ந்தது.
வலது கத்தி வளைந்துவிட்டது.
பன்னிரண்டாவது:
இந்த விதியை எழுதினவன்
ஒரு நாளாவது என் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும்.

உரியவனிடம் மட்டும் சேர வேண்டும் என்பதுதானே
நான் கேட்டது.

"வந்ததா?" என்றாள்.
"வந்தது."
அவளுக்குப் பின்னால் ஒரு என்ஜின் கிளம்பி
வளைவில் தேய்ந்தது.

அழிக்கிற அனுமதி எனக்கு உண்டு.
பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை அடித்தேன்.
கெடு: வியாழன்.
பிறகு மேசைக்கடியில் குனிந்து
ஷூவைத் தேடினேன்.