மூன்றாம் சேனல்

மிக்சரில் மூன்றாவது குமிழுக்குக் கீழே
வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி
எமி என்று பேனாவால் எழுதியிருக்கிறேன்.
முழுப் பெயர் எமிரென்சி.
மூக்கையூர் கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்.
நோட்டீசில் மட்டும் கடலோரக் குயில்.
குயிலை அவளுக்குப் பிடிக்காது.
அது கத்துறதுக்கு எவன் முன்பணம் குடுத்தான், என்பாள்.

முதலில் அவளைக் கேட்டது
மண்டபத்தில், ஒரு இறால் கம்பெனியில்.
ஐஸ் தண்ணீரில் தலை கிள்ளும் நாற்பது பெண்கள்.
ஜெனரேட்டர் பார்க்கப் போனவன்
இன்ஜினை அணைத்தேன்.
அணையாமல் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.
விரல் நுனியெல்லாம் வெளுத்த ஒருத்தி
சூப்பர்வைசரை நண்டாக்கிப் பாடிக்கொண்டிருந்தாள்.
பெண் கேட்கப் போன நண்டு,
பக்கவாட்டிலேயே நடந்து நடந்து
அடுத்த வீட்டுக்குள் போய்விடுகிறது.

அந்த நண்டைத்தான்
என் வேனில் ஏற்றிக்கொண்டு அலைந்தோம்
பன்னிரண்டு வருஷம்.
முளைப்பாரி, மாதா தேர், காதுகுத்து,
ஒரே வாரத்தில் இரண்டு கட்சி மேடை.
இரண்டிலும் அதே நண்டு,
நடக்கிற திசை மட்டும் வேறு.
முந்நூறு, எழுநூறு,
ஒரு தடவை பணத்துக்குப் பதில் சேவல்.
அது ஏர்வாடி வரை
அவள் மடியில் உட்கார்ந்து வந்தது.

கடற்கரையில் மைக் செட் போடுகிறவனுக்குக்
காற்று தெரிந்திருக்க வேண்டும்.
கச்சான் அடித்தால் பாட்டு தீவுக்குப் போய்விடும்,
காசு கொடுத்த ஊர்
வாயசைவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மதுரையில் ஒரு கேசட் கம்பெனி.
ஆயிரத்து ஐந்நூறும் ஒரு பாலியஸ்டர் சேலையும்.
எங்கே என்று கேட்டாள், காட்டினார்கள்,
கையெழுத்துப் போட்டாள்.
ஏழு வருஷம் கழித்து
சாயல்குடி பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேல்
நண்டு ஓடியது.
நாற்பது வயலின், வேறு ஒரு தொண்டை.
எழுதியது யாரோ.
நிறுத்தச் சொல்ல நான் எழுந்தேன்.
சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
இருங்க பாய்,
ரெண்டாவது சரணத்துல அந்தப் பிள்ளை
எங்க மூச்செடுக்குதுன்னு பாப்போம்.
கேட்டாள்.
அங்க எடுத்தா வரி ஒடிஞ்சிருமே, என்றாள்.
பிறகு திருப்புல்லாணி வரை
ஜன்னலைப் பார்த்தே வந்தாள்.

அதற்கப்புறம் மேடையில் பாடினால்
சினிமாப் பாட்டை அசலாட்டம் பாடுது என்று
பத்து ரூபாய் குத்த வருவார்கள்.
தோளைக் காட்டிச் சிரிப்பாள்.
நான் மூன்றாவது குமிழை ஒரு கோடு ஏற்றுவேன்.
என்னால் போட முடிந்த வழக்கு
அவ்வளவுதான்.

போன வருஷம் தொண்டையில் முடிச்சு.
மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார்
ராமநாதபுரம் டாக்டர்.
ஏலத்தில் விரலால் விலை சொன்னாள்.
பேசாத எமியிடம் ஒரு ரூபாய் குறைக்க முடியலை என்று
வியாபாரிகள் புலம்பினார்கள்.
வேறு பாடகிகளை ஐந்தில் செருகினேன்.
மூன்றில் தூசி போகாமல் டேப் ஒட்டி வைத்தேன்.
விசேஷமாக ஒன்றும் இல்லை,
அந்த ஓட்டை கொஞ்சம் லூசு.

திரும்பி வந்தபோது
ஐந்தரைக் கட்டையில் நின்றவள்
நாலரைக்கு இறங்கியிருந்தாள்.
கீபோர்டு பையன் லெரின் முகத்தைச் சுளித்தான்.
வள்ளத்தைக் கரையேத்துறதும் கட்டைதான்டா,
இறக்கிப் போடு, என்றாள்.

இன்றைக்கு வாலிநோக்கத்தில் கச்சேரி.
ஹலோ சொல்லி மைக் பார்க்க மாட்டாள்,
என்றைக்கும் மீன் விலைதான்.
சூடை நாற்பது.
காரல் அறுபது.
விளைமீன் ஐந்நூறு, குறையாது.
இருட்டுக்குள்ளிருந்து ஒருவன் கத்துகிறான்:
நண்டு?
விக்கிறதுக்கு இல்லை, என்கிறாள்
புதுக் குரலில்,
கொஞ்சம் மணலோடு.

காற்று கொண்டலுக்குத் திரும்புகிறது.
இடது ஹாரனை மாற்றிக் கட்ட
ஏணியைத் தேடுகிறேன்.