உத்தரவாதத்துக்கு உட்பட்ட விரிசல்கள்

நான்கு மணி நேரம் பெட்டியைத் திறக்காதே,
என்றான் யால்மரி.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
சூடான அறையில் சட்டென்று திறந்தால்
வார்னிஷ் விரிந்துவிடும்.

விரிசலுக்குத்தானே
எண்ணூறு யூரோ கூடக் கொடுத்தேன், என்றேன்.

ரசீதிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்:
அவை உத்தரவாதத்துக்கு உட்பட்ட விரிசல்கள்.
நீ உண்டாக்குவது உன் பாடு.

பனிக்காலணிகளுக்கு அருகே
நடைவழியில் நின்றது பெட்டி,
வீட்டாருக்கு இன்னும் அறிமுகமாகாத விருந்தாளி.
இரண்டு முறை காப்பி போட்டேன்.
ஒரு முறை கொக்கியில் கை வைத்து, எடுத்தேன்.

பழைய பேஸ் கிட்டார்
இருபத்தொரு ஆண்டுகள் என்னிடம் இருந்தது.
கறுப்பு. ஒரு கீறல் கிடையாது.
ஒவ்வோர் இரவும் துடைத்துத்தான் படுக்கவைப்பேன்.
விற்றபோது, வாங்க வந்த பையன்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
மரியாதையாகத்தான் கேட்டான்:
நீங்கள் இதை வாசித்ததே இல்லையா?

அதனால்தான் இது.

பிறந்தது போன ஏப்ரல்.
பார்வைக்கு அறுபது.
பிஞ்சிலேயே பழுத்தது.
தலைப்பக்கம் சிகரெட் சுட்ட தழும்பு,
புகைத்தவர் யாருமில்லை.
முதுகில் பெல்ட் கொக்கி உரசிய பள்ளம்,
அந்தப் பெல்ட்டை எந்த இடுப்பும் கட்டியதில்லை.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
ஒருவர் ஷிஃப்டுக்கு வந்து,
மேல்சட்டையை மாட்டிவிட்டு,
கையுறை போட்டு,
சாவிக்கொத்தால் இதை அடித்திருக்கிறார்.
கோபமே இல்லாமல்.
நான்கு அடி. அடுத்தது.

மடியில் வைத்தேன்.
முன்கை தேய்த்துத் தேய்த்து
நிறம் போனதாகச் செய்த இடம்
என் கைக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது.
அவர்கள் நினைத்த ஆள் உயரம்.
ஆறாம் எண் பேருந்தில்
எனக்கு முந்தைய ஷிஃப்ட் ஓட்டுபவர் ரெய்யோ.
தினமும் ஏறியதும்
இருக்கையை முன்னால் இழுப்பேன்.
இதில் இழுக்க எதுவும் இல்லை.

ஆம்ப்ளிஃபையரைப் போடாமல்
தடித்த கம்பியை ஒருமுறை விட்டேன்.
தொடை எலும்பில் கேட்டது.
பொய் சொல்லவில்லை அது.
மறுபடி விட்டேன்.
அப்புறம் அடுப்பில் பாலைப் பார்க்க மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை தொழிலாளர் மன்றத்தில் நடனம்.
மேளக்காரர் தாய்ஸ்தோ
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வியந்தார்:
எவ்வளவு காலமாய் வைத்திருக்கிறாய் இதை?
வியாழக்கிழமையிலிருந்து, என்றேன்.
சிரித்தார். நம்பவில்லை.

இடைவேளையில் அவர் எழுந்தபோது
சிம்பல் தாங்கி சாய்ந்து
சரியாக இதன்மேல் விழுந்தது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.
தாய்ஸ்தோவின் முகம் மாவாய் வெளுத்தது.
இருவரும் மண்டியிட்டோம்,
கைபேசி விளக்கோடு.
இதுவா? இல்லை, அது முன்பே உண்டு.
இதுவா? தெரியவில்லை.
இது?
அக்கார்டியன்காரி அன்னுக்காவும் குனிந்தாள்.
ஐம்பது காயங்களுக்கு நடுவே
இன்றைய காயத்தைத் தேடினோம்,
கிடைக்கவில்லை.
அப்படியானால் நான் எதற்கும் பொறுப்பில்லை,
என்றார் தாய்ஸ்தோ,
ஆனாலும் எனக்கு பீர் வாங்கிக்கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் ஒரு டாங்கோ.
முதியவர்கள் கண்மூடி ஆடினார்கள்,
ஈரக் காலுறைகளின் மணம்,
அவர்கள் குதிகாலுக்கு அடியில் என் சுரம்
தரையாய்க் கிடந்தது.
மூன்றாவது சுற்றில்
கம்பளிச் சட்டையின் மணிக்கட்டு
எதிலோ மாட்டிக்கொண்டது.

பார்க்காமலே தடவினேன்.
தொழிற்சாலைக் கீறல்களுக்கு
விளிம்பு மழுங்கடிக்கப்பட்டிருக்கும்.
இதற்கு விளிம்பு இருந்தது.
நூலைப் பிடித்து இழுத்தது,
கடைசித் தாளம்வரை விடவில்லை.

வீடு திரும்புகையில் ஏரி உறுமியது,
இரவுக் குளிரில் பனிக்கட்டி பிளக்கும் சத்தம்,
என் தடித்த கம்பியைவிடக் கீழான சுரம்.
வண்டியை நிறுத்தி
சன்னலை இறக்கிக் கேட்டேன்.
பின்னிருக்கையில் பெட்டி மூடியே இருந்தது.
வீடு சேர்ந்ததும் மணி பார்த்தேன்.
பதினொன்றரை.

நான்கு மணி நேரம் காத்திருக்கவில்லை.