நெட் சரியில்லை

ஜப்பானிலிருந்து சோணைமுத்து கொடுத்தனுப்பிய பெட்டி
பாண்டியன் எக்ஸ்பிரசில்
யாருடைய பையிலோ அமுங்கிக் கிடந்து
வில்லாபுரம் வந்து சேர்ந்தபோது
பன்னிரண்டில் இரண்டு வாய் பிளந்திருந்தன.

மஞ்சூ என்று பெயராம்.
"எங்க மேத்ஸ் டீச்சர் பேரும்மா" என்றாள் சின்னவள்.
கருப்பட்டி நிறம்,
உள்ளங்கைக் குழிக்குள் அடங்கும்,
உள்ளே மசித்த பயறு இனிக்கும்.
"சுகியன்தான், எண்ணெய்ல போட மறந்துட்டானுங்க"
டிப்போவிலிருந்து வந்த கையைக் கழுவாமலே
இவர் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அந்த ஊரில் தண்ணீர்
தானாகவே கொதித்துக்கொண்டு வருமாம்.
சாக்கடை மூடியிலும் ஆவி பறக்குமாம்.
தீபாவளிக்கு மறுநாள் காலை மாதிரி
வருஷம் பூராவும் கந்தக வாடையாம்.
"சித்திரை மாசம் ரெண்டு மணிக்கு
எங்க வீட்டுக் குழாயைத் திறந்து பாருடா,
நாங்களும் வெந்நீர் ஊத்துலதான் குளிக்கிறோம்"
என்றேன் போனில்.
சிரிப்பு மட்டும் கேட்டது.
முகம் தெரியவில்லை.
எப்போதுமே அப்படித்தான்,
வெள்ளையாக ஒரு மூட்டம், நடுவில் அவன் குரல்.
நெட் சரியில்லைக்கா என்பான்.

கம்ப்யூட்டர் வேலை என்றுதான் போனான்.
தெற்காவணி மூல வீதிக் கடையில்
என் மூன்று பவுன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொன்றின் தலையிலும்
நெளிந்து மேலேறும் மூன்று கோடுகள்,
காய்ச்சிய கம்பியால் வைத்த சூடு.
"விபூதிப் பட்டை எந்திரிச்சு நின்னுக்கிச்சு"
சின்னவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
நான் அந்தக் கோடுகளை எங்கோ பார்த்திருந்தேன்.

போன மாதம்,
நெற்றி வியர்வையைத் துடைக்க அவன் கை தூக்கியபோது,
மணிக்கட்டுக்குக் கீழே.
இரண்டு முழுசாக, ஒன்று பாதி.
"சைக்கிள்ல இடிச்சுக்கிட்டேன்."
டிசம்பர்க் குளிரில் ஒருவனுக்கு எதற்கு வேர்க்கிறது
என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இவரிடம் சொல்லவில்லை.
மீதி எட்டும் விறைத்துப்போயிருந்தன.
இட்லிச் சட்டியில் துணி நனைத்து விரித்து
கோடுகள் மேலே பார்க்க அடுக்கினேன்.
எத்தனை நிமிஷம் என்று அவனிடம் கேட்டால்
உடனே சொல்லியிருப்பான்.
கேட்கவில்லை.

மூடியைத் திறந்தேன்.
கண்ணாடி முழுக்கப் படிந்தது ஆவி.
சரியாக அப்போதுதான் போன் அடித்தது.
சின்னவள் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னக்கா, ஒண்ணுமே தெரியல?"

"நெட் சரியில்லைடா" என்றேன்.