பயணப்படி

தையல்நாயகியின் பில்கள் எப்போதும்
ஈரமாகத்தான் வரும்.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து
உலர்த்திய பிறகே கூட்டிப் பார்ப்பேன்.

தொண்ணூற்றெட்டு, மாசி:
கொள்ளிடத்தில் மணல் லாரி, அணைக்கரை வரை.
கட்டணம் இல்லை, கிளீனராகப் போனேன்.
டீ இரண்டு. லுங்கி ஒன்று.
லுங்கிக்கு ரசீது எங்கே என்றேன்.
கட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒன்பது நாள்:
தோணி வாடகை, நண்டுக் குழம்பு,
சேறு விழுங்கிய செருப்பு, இடது கால் மட்டும்.
பாதி விலைதான் தருவேன் என்றேன்.
சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

பழையாற்றில் விசைப்படகு ஏறியவள்
மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப்
பதினோராம் நாள் கரைக்கு வந்தாள்.
ஆசிரியர் அதற்குள்
இரங்கல் குறிப்புக்கு இடம் ஒதுக்கியிருந்தார்.
அந்த அரைப் பக்கத்தில் அவளே எழுதினாள்,
டீசல் விலையையும் வஞ்சிர விலையையும் பற்றி.

பிறகு புத்தகம் வந்தது.
நானூற்றுச் சொச்சம் பக்கம்.
கும்பகோணத்தில் வெளியீட்டுக் கூட்டம்.
மேடையில் யார் யாரோ பேச,
கடைசி வரிசையில் புரட்டிக்கொண்டிருந்தேன்,
நான் வெட்டிய தொகைகளைத் தேடி.

இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
அவள் பெண் என்று தெரிந்துவிட்ட இரவு.
மணல் அள்ளிய குழிக்குள்
கழுத்தளவுத் தண்ணீரில்
விடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அலுவலகத்தில்
பழைய வவுச்சர் கட்டை அவிழ்த்தேன்.
அதே மாசி. அதே லாரி.
லுங்கிக்குக் கீழே இன்னொரு வரி:
சளி மாத்திரை, நாலு ரூபாய்.

குறுக்கே சிவப்பு மையில்
என் கையெழுத்து:
சொந்தச் செலவு.