மும்முனை

காரைக்கால் சபுருத்தீன் மரைக்காயர் ஷெட்டில்
ஒன்பது வருஷம் கோழி அடைகாத்த கார்.
பழைய இரும்பு விலைக்கே கொடுத்தார்.
"எஞ்சின் இறுகிக் கிடக்கு தம்பி.
காரை எடுத்துக்க, கோழியை விட்டுட்டுப் போ."

பேரளத்துக்கு டிரெய்லரில் வந்து இறங்கியது.
கதிரறுக்கும் மிஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்.
சம்பா அறுப்பு முடிந்தால்
கையில் கிரீஸ் காய்ந்துவிடும்.
காய்ந்தால் எனக்குத் தூக்கம் வராது.

செயின் பிளாக்கில் தொங்கி வெளியே வந்தது
பால் கேன் பருமனில் ஒன்று.
"இதுவா எஞ்சின்? மீதி எங்கே?"
என்றாள் தையல்நாயகி.
பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது,
கனெக்டிங் ராடு கிடையாது என்று
அடுக்கிக்கொண்டே போனேன்.
"என்னதான் இருக்கு?"

முதலில் ஒரு நட்டு இருந்தது.
உள்ளங்கை அகலம்.
ஸ்பேனரில் போர்வெல் பைப்பைச் செருகி
நானும் மச்சினன் கலியபெருமாளும்
இரண்டு நாள் தொங்கினோம்.
மூன்றாம் நாள் நெருப்பு காட்டியதும்
'டக்'.
கலியபெருமாள் வாய்க்காலில் கிடந்தான்.

பிறகு பதினெட்டு நீள போல்ட்.
தட்டு, கூடு, தட்டு, கூடு, தட்டு.
டிபன் கேரியரைப் பிரிப்பது மாதிரிதான்.
இரண்டு கூட்டிலும் ஒவ்வொரு முக்கோணம்
எண்ணெயில் ஊறி உட்கார்ந்திருந்தது.
"சமோசா" என்றான் அடுத்த வீட்டுப் பையன்,
கையை நீட்டினான், அடி வாங்கினான்.

பின்பக்க முக்கோணத்தில்
ஒரு மூலை சீல் உடைந்திருந்தது.
கால்வாசித் துண்டைக் காணோம்.
புகைக்குழாய் வழியே துப்பியிருக்கும்,
எந்த ஊர்த் தார் ரோட்டிலோ.
போகிற போக்கில் கூட்டின் சுவரில்
ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது.
நகம் மாட்டியது. அந்தக் கூடு இனி ஆகாது.

மரைக்காயரின் தங்கச்சி மகன்
பினாங்கிலிருந்து வந்தான்:
கைலியில் சுற்றிய கூடு ஒன்று,
மைலோ டப்பாவில் ஆறு சீல்.

ஃபீலர் கேஜை நான் செருகச் செருக
பால் கணக்கு நோட்டில் அவள் எழுதினாள்.
'முன் ரோட்டர், இரண்டாம் மூலை, சரி.'
மேல் வரியில்,
'வெள்ளி சாயங்காலம் பால் வரவில்லை.'

முக்கோணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
கல்லணை ஒரு மூலை,
கோடியக்கரை ஒரு மூலை,
கொள்ளிடம் கடலில் விழுகிற இடம் ஒரு மூலை.
"நம்ம ஊரு?"
கரி படிந்து, துடைத்தும் போகாத
ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.
உற்றுப் பார்த்தாள்.
"சரியாத்தான் இருக்கு."

பூட்டும்போது சீல்கள் நழுவாமலிருக்க
வாஸ்லின் தடவ வேண்டும்.
அவளுடைய பித்தவெடிப்பு டப்பாவை எடுத்தேன்.
பாதி தீர்ந்த பிறகு பிடிபட்டேன்.

கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு
கை துடைக்கத் துணியை உதறினால்
தரையில் ஒரு ஸ்பிரிங்.
புருவ முடி அளவு. அதே வளைவு.

யாருக்கும் தெரியாது.
ஐந்நூறு கிலோமீட்டர் ஓடலாம்.
ஐந்நூற்றொன்றும் ஓடலாம்.
விடியும்வரை அங்கேயே உட்காரவும் செய்யலாம்.
தையல்நாயகி ஒன்றும் கேட்கவில்லை.
நோட்டை மூடினாள்,
ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.
பதினெட்டு.

பத்து நாள் கழித்து, ராத்திரி பதினொன்று.
அறுப்பு மிஷின் பேட்டரியைக் கொடுத்து
சாவியைத் திருப்பினேன்.
இருமியது. நிறுத்தினேன்.
பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி.
வாஸ்லின் எரிகிற நாற்றம்,
வெள்ளைப் புகை, கொசுவெல்லாம் ஓட்டம்,
சைலன்சர் இன்னும் மாட்டவில்லை.

பிடித்துக்கொண்டது.

தடதடப்பு இல்லை. ஒரே இழுப்பான ரீங்காரம்.
ரேடியேட்டர் மேல் வைத்த டீ டம்ளரில்
வட்ட வட்டமாய் அலை.
இன்னொரு சத்தமும் கேட்டது,
அது அவள் சிரிப்பு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
பருத்திக்குத் தண்ணீர் கட்ட
ஐந்து ராத்திரியாய் முழித்திருந்த மாசிலாமணி
டார்ச் அடித்துக் கத்தினார்:
"மும்முனை வந்துட்டா?"

"வந்துட்டு!" என்றேன் நான்.

மோட்டார் கொட்டகைக்கு ஓடி
சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
வரப்பில் நின்று அவர் திட்டிய எதுவும்
எங்கள் காதில் விழவில்லை.